பனிக்கு அடைத்த வீடு

வீட்டுல இருக்கிற ஓட்டையை எல்லாம் அடைச்சுடணும்னு எனக்கு முதல்ல சொன்னது பக்கத்து வீட்டு பிலோமினா அக்காதான். எண்பத்தொன்பதாம் வருஷம், நவம்பர் கடைசி. எனக்குக் கல்யாணமாகி மூணாவது வாரம். காரமடை வெயில்ல பொறந்து வளர்ந்தவ நான். இந்தத் தலைக்குந்தாவுக்கு வந்து, காலையில வாசல் புல்லு மேல வெள்ளையா இருக்கிறதைப் பார்த்து, "யாருக்கா இங்க உப்பைக் கொட்டினது?"ன்னு கேட்டேன். அக்கா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் வீட்டுக்குள்ள வந்து கதவிடுக்குல விரலை விட்டுப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "அமலா, வீட்டுக்கு எத்தனை ஓட்டையோ நெஞ்சுக்கு அத்தனை சளி. மார்கழி பொறக்கறதுக்குள்ள அடைச்சுடு."

அதான் ஆரம்பம். உள்ள வா கண்ணு, ஏன் வாசல்லயே நிக்கறே. செருப்போடவே வா, தரை கால்ல கடிக்கும். அந்த நோட்டீஸை எங்க வேணா ஒட்டிக்கோ. 'மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள்.' எனக்குப் படிக்கத் தெரியும், எட்டாவது வரைக்கும் போயிருக்கேன். ஆனா இது என்ன பசை? நாலு பனி விழுந்தா உரிஞ்சுடும். மைதாவைக் காய்ச்சணும், அதுல துளியூண்டு துத்தம் போடணும், அப்பத்தான் பூச்சி அரிக்காது. சுகாதார நர்சுக்கு ஊசி போடச் சொல்லித் தருவாங்க, பசை காய்ச்சச் சொல்லித் தர மாட்டாங்க போலிருக்கு. சிரிக்காதே. முப்பத்தஞ்சு வருஷம் ஒட்டின கை இது.

போன வருஷமே இந்த நோட்டீஸ் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். வந்திருந்தாலும் நான் கேட்டிருப்பேனான்னு தெரியல. இது யாரோ குடிச்சுட்டுப் படுக்கிறவங்களுக்கு எழுதினதுன்னு நினைச்சிருப்பேன்.

பனிக்கு வீட்டைத் தயார் பண்றதுன்னா நீ என்னன்னு நினைச்சே? உனக்கு எந்த ஊரு, கோபியா? அப்போ உனக்குத் தெரியாது. ஐப்பசி மழைக்கு முன்னாடியே விறகு பொளந்து உள்ள அடுக்கணும். தண்ணிக் குழாய்க்குச் சாக்கு சுத்தணும், இல்லேன்னா காலையில குழாய்க்குள்ளயே தண்ணி உறைஞ்சு கிடக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு அடுப்பு மேடையில இடம். கம்பளி எல்லாம் ஒரு நல்ல வெயில் பார்த்துக் காய வைக்கணும், அந்த நல்ல வெயில் என்னிக்கு வரும்னு வானத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். கொல்லையில பீன்ஸ் போட்டிருந்தா சாயங்காலம் சாக்கு போர்த்தி, காலையில எடுக்கணும். கைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரிதான். இதெல்லாம் முடிஞ்ச பிறகு ஒட்டற வேலை. பழைய பேப்பரைக் கிழிச்சு, ஜன்னல் சட்டத்துக்கு ஒரு பட்டை, கண்ணாடி ஓரத்துக்கு ஒரு பட்டை, கூரையும் சுவரும் சேர்ற இடத்துக்குப் பெரிய பட்டை. கதவுக்குக் கீழ பழைய புடவையைச் சுருட்டித் தச்சு வச்சுடுவேன். மரண அறிவிப்பு வந்த பக்கத்தை மட்டும் உள்பக்கம் பார்த்த மாதிரி ஒட்டமாட்டேன். பிள்ளைங்க தூங்கி எழுந்திருக்கிறப்ப செத்தவங்க முகம் தெரியக் கூடாது பாரு. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லித்தான் ஒட்டுவேன். ஒரு வருஷம்கூட அது தவறினதில்ல.

எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் ஒரே ஒரு ஜன்னலை ஒட்ட விடமாட்டார். கேரட் லாரி ஓட்டினவர். ராவும் பகலும் பீடி. "புகை போக ஒரு வழி வேணும்டி"ன்னுவார். நானும் சண்டை போட்டுப் பார்த்தேன், அழுது பார்த்தேன், மாதாகிட்ட மனுவே போட்டேன். கேட்கல. எங்க வீட்டுல கணப்பு, அதான் குளிர்காயற கரிச்சட்டி, எப்பவும் ஹால்லதான், அந்த ஜன்னல் பக்கத்துல. மனுஷன் நல்லவர், அந்த ஒரு கெட்ட பழக்கம்தான். ஆறு வருஷம் ஆச்சு அவர் போய். அவர் செத்த வருஷமே முதல் வேலையா அந்த ஜன்னலுக்கு ரெண்டு அடுக்கு ஒட்டினேன். அவர் ஆத்மா மன்னிக்கணும்.

டீ போடட்டுமா? வேண்டாம்னு சொல்லாதே, உன் மூக்கு செவந்து கிடக்கு.

இதைப் பிடி. சக்கரை போதுமா?

போன வருஷம் என் மக ரெஜினாவுக்குத் தலைப்பிரசவம். பையன் டோமினிக் திருப்பூர்ல இருக்கான், அவன் கதை வேற. "மூட்டை கட்டிக்கிட்டு வந்துடும்மா"ன்னு போன்ல சொல்லுவான், எந்தத் தேதின்னு மட்டும் சொல்லமாட்டான். ரெஜினாவைத் தூத்துக்குடியில கட்டிக் கொடுத்திருக்கு. மாப்பிள்ளை பேரு கிளாட்வின். தங்கமான பையன்தான், நான் குறை சொல்லல. அவங்க அம்மா ஸ்டெல்லா மதினிதான், வளைகாப்புக்கு வந்தப்ப என் வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு, "மதினி, பச்சைப் பிள்ளையை இந்தக் குளிர்லயா வச்சுக்கப் போறீங்க? பேசாம எங்க ஊர்லயே பிரசவம் பார்த்துடலாமே"ன்னுச்சு. எல்லார் முன்னாடியும். தலைப்பிரசவம் கண்ணு! தாய் வீட்டுல பார்க்காம? எனக்கு வந்த கோபத்துக்குச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், "மதினி, உங்க ஊரு வெயில் என் வீட்டுக்குள்ள இருக்கும், பாத்துக்கோங்க"ன்னு.

சொல்லிட்டேன். அப்புறம் செஞ்சு காட்டணுமில்ல?

அந்த வருஷம் ஒட்டின மாதிரி நான் எந்த வருஷமும் ஒட்டல. உள் ரூமுக்கு மட்டும் மூணு அடுக்கு. காது வச்சுக் கேட்டாலும் வெளிய காத்தடிக்கிற சத்தம் கேக்காது. ஆஸ்பத்திரியில இருந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்தப்ப ரெஜினா உள்ள நுழைஞ்சு, "அம்மா, டப்பாவுக்குள்ள வந்த மாதிரி இருக்கு"ன்னா. எனக்குப் பெருமை. ரெண்டு நாள்ல நல்ல பனி பிடிச்சுக்கிச்சு. ஹால்ல இருந்த கரிச்சட்டியைத் தூக்கி உள் ரூம்ல, கட்டிலுக்கு எட்டின தூரத்துல வச்சேன். பிள்ளைக்குச் சூடு வேணுமே.

நாலாம் நாள் ரெஜினா தலைவலின்னா. பச்சை உடம்பு, பனி அடிச்சிருக்கும்னு காதுக்குப் பஞ்சு வச்சுக் கட்டிவிட்டேன். மறுநாள் வாந்தி. பூண்டு அதிகமாப் போச்சோன்னு குழம்பை மாத்தினேன். "தலை சுத்துதும்மா, கதவைக் கொஞ்சம் திறந்து வையேன்"ன்னா. எந்தத் தாயாவது திறப்பாளா? எங்கயோ இன்னும் குளிர் நுழையுது, அதான் இப்படிப் படுத்துதுன்னு ஒரு மெழுகுவத்தியை ஏத்தி, சுவர் ஓரமா காட்டிக்கிட்டே போனேன். எங்க சுடர் ஆடுதோ அங்க ஓட்டை. கூரைக்குக் கீழ ரெண்டு இடத்துல ஆடுச்சு. ஒட்டினேன். அப்புறம் சுடர் எங்கயும் ஆடல. அசையாம நின்னுச்சு. அதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

பிள்ளை அழவே இல்ல கண்ணு. பிலோமினா அக்கா வந்து பார்த்துட்டு, "இவ்வளவு சமத்துப் பிள்ளையை நான் பார்த்ததில்ல"ன்னாங்க. பாலுக்குக்கூட நாமதான் எழுப்பணும்.

நீ ஏன் அப்படிப் பாக்கறே? உனக்கு முடிவு தெரியும். நீ படிச்சிருக்கே. எனக்குத் தெரியலையே.

மாப்பிள்ளை புதன்கிழமை வர்றதா இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை காலையிலயே வந்து நிக்கறார். முந்தின நாள் போன்ல ரெஜினாவுக்கு வார்த்தை குழறுச்சாம், அதைக் கேட்டுட்டு பஸ் ஏறிட்டாராம். நான் சொல்லுவேன், அது மாதா அனுப்பினது. அந்த வாரம் முழுக்க ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருந்தேன் நான். மாப்பிள்ளை கையில தூத்துக்குடி மக்ரூன் பெட்டி, மணி எட்டு இருக்கும். "தூங்கறாங்க, மெதுவாப் போங்க"ன்னேன். உள்ள போனார். பெட்டி கீழ விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு.

ரெஜினாவைத் தோள்ல போட்டுக்கிட்டு, பிள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வெளிய ஓடறார். வாசல்ல, அந்தப் பனியில, வெறும் புல்லுல கிடத்தறார் கண்ணு! நான் கத்தினேன். "பச்சை உடம்பைப் பனியில போடறீங்களே, பாவி!"ன்னு கம்பளியைத் தூக்கிக்கிட்டு ஓடி, பிள்ளையைப் பிடுங்கி உள்ள கொண்டு போகப் பார்த்தேன். அந்த மனுஷன் அதுவரைக்கும் என்கிட்ட சத்தமாப் பேசினதே கிடையாது. "அத்தை, கிட்ட வராதீங்க!" அவ்வளவுதான் சொன்னார். கையை ஓங்கல. ஓங்கியிருந்தாகூட எனக்குத் தேவலாம்.

ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் ஆக்சிஜன் வச்சாங்க. கரிப்புகைன்னு டாக்டர் சொன்னார். புகையே வரலையே, நல்லாக் கனிஞ்ச கரிதானே போட்டேன்னு கேட்டேன். "கண்ணுக்குத் தெரியாதும்மா, வாசனையும் இருக்காது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா ரெண்டு பேரும் இல்ல"ன்னார். நான் சமையல் ரூம்ல படுத்திருந்தேன், அங்க புகைக்கூண்டு இருக்கு, எனக்குத் தலைவலிகூட இல்ல. எனக்கும் வந்திருக்கக் கூடாதா. வந்திருந்தா, சேர்ந்து கஷ்டப்பட்டாங்கன்னாவது சொல்லியிருப்பாங்க.

பொழச்சுதுங்க. ஆண்டவருக்கு நன்றி. ஆனா ஆஸ்பத்திரி வாசல்லயே கார் வந்து நின்னுடுச்சு. வீட்டுக்கு வராம நேரா தூத்துக்குடிக்குப் போயிட்டாங்க. பிள்ளையோட துணி, கொசுவலை, நான் பின்னி வச்ச ஸ்வெட்டர், எல்லாம் இங்கயே கிடந்துச்சு. ஞானஸ்நானம் அங்க. ஜோவிட்டான்னு பேரு வச்சாங்க. போனேன். போட்டோ எடுக்கிறப்ப மட்டும் என் கையில கொடுத்தாங்க, எடுத்து முடிச்சதும் ஸ்டெல்லா மதினி வாங்கிக்கிச்சு. "இங்க எல்லா ஜன்னலும் திறந்தேதான் இருக்கும் மதினி, நல்லாக் காத்து வரும்"னுச்சு. எல்லாருக்கும் பிரியாணி வச்சுக்கிட்டே சொல்லுச்சு. நான் தட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

போன மாசம் பிள்ளைக்கு ஒரு வயசு ஆச்சு. நடக்கிறாளாம். நான் போன்லதான் பார்க்கிறேன், அதுலயும் பாதி நேரம் அவ காலுதான் தெரியுது.

போன வாரம் ரெஜினா பேசினா. "அம்மா, கிறிஸ்துமஸுக்கு வரேன். ஆனா ஒரு ஓட்டைகூட அடைச்சிருக்கக் கூடாது. கரி வீட்டுலயே இருக்கக் கூடாது. நீ சொன்னா அவர் நம்பமாட்டார்ம்மா. யாராவது நேர்ல பார்த்துச் சொன்னாத்தான் டிக்கெட் போடுவார்"னா. தாய் வீட்டுக்கு வர சாட்சி கேக்கறாங்க. சரி, கேக்கட்டும்.

நாலு நாள் ஆச்சு கண்ணு, எல்லாத்தையும் கிழிக்க. ஒட்டினப்ப இந்தக் கஷ்டம் இல்ல. ஒண்ணு மேல ஒண்ணா வருஷக்கணக்கா ஒட்டினது, மரப்பலகை மாதிரி ஆகிப்போச்சு. சுடுதண்ணியை ஊத்தி, தோசைத் திருப்பியால சுரண்டி எடுத்தேன். டோமினிக் பத்தாவது எழுதின வருஷத்துப் பேப்பர் வந்துச்சு. அதுக்குக் கீழ ரெஜினா பொறந்த வருஷம். நகம் எல்லாம் போச்சு, பாரு. கரி மூட்டையை பிலோமினா அக்காவுக்குக் கொடுத்துட்டேன். எழுபத்தாறு வயசு, இன்னும் வாய் குறையல. "வீட்டைக் கோழிக்கூடாக்கிட்டியேடி அமலா, மக வந்து உன்னை அடை காக்கப் போறாளா?"ங்கறாங்க. இப்ப காத்து அந்தப் பக்கம் நுழைஞ்சு இந்தப் பக்கம் போகுது. விளக்கு நிக்கமாட்டேங்குது, ஜெபம் சொல்றப்ப பல்லு தந்தியடிக்குது. நாலு கம்பளி போர்த்தியும் முதுகு சூடாக மாட்டேங்குது. அலுத்துப் போச்சு கண்ணு. அடைச்சும் அலுத்தாச்சு, திறந்தும் அலுத்தாச்சு.

அதான் உன்னை உள்ள கூப்பிட்டேன். நீ அரசாங்க நர்சு, சட்டையில பேரு குத்தியிருக்கே. உன் வாயால ரெஜினாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்பர் போட்டுத் தரேன். 'பார்த்தேன், எல்லாம் திறந்திருக்கு'ன்னு சொன்னாப் போதும்.

என்ன? பார்த்துட்டுத்தான் சொல்லுவியா? தாராளமாப் பாரு. இது ஹாலு. அது அவரோட ஜன்னல், பாரு, கையை விட்டாலே காத்து வெட்டும். சமையல் ரூம்ல எதுவும் இல்ல. இதான் உள் ரூம். கட்டிலை மட்டும் நகர்த்தியிருக்கேன், பிள்ளை உருண்டு விழாம இருக்கச் சுவரோட சேர்த்து. ஜன்னல் ரெண்டும் திறந்திருக்கு, கதவுக்குக் கீழ புடவை கிடையாது. போதுமா?

ஏன் மேலயே பாக்கறே?

அது ஜன்னல் இல்ல கண்ணு. காத்துப் போற துவாரம், அவ்வளவுதான். ஒரு சாண் இருக்குமா? நேரா பிள்ளை தலை வைக்கிற இடத்துல வந்து இறங்குது காத்து, நானே படுத்துப் பார்த்தேன், உச்சி மண்டை விறைச்சுப் போச்சு. ஒரே அடுக்குதான் ஒட்டியிருக்கேன். மெல்லிசுப் பேப்பர். மத்தது எல்லாம் திறந்திருக்கிறப்ப இந்த ஒரு சாண் என்ன பண்ணிடும்? கரிதான் இல்லையே. மின்சார ஹீட்டர் டோமினிக் அனுப்பறேன்னு சொல்லியிருக்கான். வராட்டி, ரொம்பக் குளிர்ந்தா மட்டும், அக்கா வீட்டுல இருந்து ரெண்டு கை கனல் வாங்கி, ஒரு பத்து நிமிஷம், நான் பக்கத்துலயே உட்கார்ந்து...

போனை ஏன் திருப்பித் தரே?

பேசமாட்டியா? கண்ணு, இங்க பாரு. ஒரு வயசுப் பிள்ளை. எனக்குக் கெடுதல் நினைக்கத் தெரியுமா? அன்னிக்கும் நான் கெடுதலா நினைச்சேன்?

உட்காரு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூடச் சொல்லல. பாவம்னு தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு. அன்னிக்குக் காலையில, மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடி, ஆறு மணிக்கு நான் உள்ள போனேன். ரெண்டு பேரும் தூங்கறாங்க. பிள்ளையோட பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருந்துச்சு. கன்னம் ரெண்டும் பிளம்ஸ் பழம் மாதிரிச் செவந்திருந்துச்சு. அப்படி ஒரு அழகு. குளிர் தோத்துப் போச்சு, என் வீடு ஜெயிச்சுடுச்சுன்னு நினைச்சேன். அங்கயே மண்டி போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். சொல்லிட்டு, கரிச்சட்டியில இன்னும் ரெண்டு கை கரி அள்ளிப் போட்டேன். சத்தம் கேட்டுப் பிள்ளை முழிச்சுக்கக் கூடாதுன்னு கதவை மெதுவாச் சாத்திட்டு வந்தேன்.

அந்தச் செவப்பும் புகையாலதான்னு டாக்டர் பிற்பாடு சொன்னார். அவர் என்கிட்டச் சொல்லல, மாப்பிள்ளைகிட்டச் சொன்னார். நான் பக்கத்துல நின்னேன்.

இப்பவும் கண்ணை மூடினா அந்தக் கன்னம்தான் வருது. ஒவ்வொரு தடவையும் முதல்ல எனக்குச் சந்தோஷம்தான் வருது கண்ணு. அப்புறம்தான் மத்தது.

இல்ல, அந்தப் பேப்பரை நீ எடுக்க வேண்டாம். உனக்கு எட்டும், தெரியும். நான் ஒட்டினதை நானேதான் எடுக்கணும். மேல ஏறினா முட்டி நடுங்கும் எனக்கு. அந்த நாற்காலியைக் கொஞ்சம் பிடிச்சுக்கறியா?